வேலிக்கால் திருத்துதல்

பத்துப் பன்னிரண்டு ஆண்டு யாரும் கை வைக்காமல் விட்ட வேலி, காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்து மேட்டுநிலங்களில் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் கெடுகிறது. மார்பளவில் அடர்ந்து நிற்க வேண்டிய கிளுவை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. உயரம் ஏற ஏற அடிப்பக்கம் வெறுமையாகி, ஆடு நுழையும் சந்துகள் விழுகின்றன. அந்தச் சந்துகளில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிளுவையின் தலைக்கு மேல் பரவுகிறது. ஓரத்தில் உண்ணிச்செடி பிடிக்கிறது. எல்லாவற்றின் மேலும் கோவையும் வேலிப்பருத்தியும் பிரண்டையும் ஏறிப் போர்த்துகின்றன. டிராக்டர் ஓட்டுபவர் முள்ளுக்கு அஞ்சி ஒவ்வோர் ஆண்டும் ஒரு சால் உள்ளே தள்ளித் திரும்புவதால், உழவு படாத அந்தத் துண்டும் புதருக்கே போய்ச் சேர்கிறது. நான்கடி அகலத்தில் இருந்த வேலிக்கால் பதினைந்தடி ஆன பிறகு நிலத்துக்காரர் ஜேசிபிக்குச் சொல்லி அனுப்புகிறார். அந்த வண்டி வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது இந்த அத்தியாயம். புதருக்குள் பழைய வேலி பெரும்பாலும் சாகாமல் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, நிறுத்தி, மற்றதை மட்டும் கழிப்பதுதான் குறைந்த செலவில் நிலைக்கும் வழி. முழுக்க மழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவர்களின் வேலிக்கால், மூன்றாம் மழைக்குள் மறுபடி முள்ளுக்காடாகிறது.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு விடை மேல்மண்ணில் கிடக்கிறது. சீமைக்கருவேல நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்கின்றன. உள்ளிருக்கும் விதையின் தோல் கெட்டியானது. கால்நடையின் குடலுக்குள் போய் வெளிவரும்போது அது இளகி, சாணத்தின் ஈரத்திலேயே முளைக்கத் தயாராகிறது. முளைக்காத விதையும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் வேளையில் களைத்த ஆடுமாடு ஒதுங்குவது வேலி நிழலில்தான் என்பதால், நிலத்தின் மற்ற எந்த இடத்தையும்விட வேலிக்காலில் இந்த விதைச் சேமிப்பு அதிகம். மேலே நிழலும் போட்டியும் இருக்கும்வரை அதில் சிறு பங்குதான் எழுகிறது. மண்ணைப் புரட்டி வெயிலைக் காட்டினால் அடுத்த மழைக்கே கூட்டமாக எழும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, தென்மாவட்டக் கண்மாய்களில் இயந்திரங்கள் இறங்கி ஏக்கர் கணக்கில் மழித்தன. வெட்டியதோடு நிறுத்திய இடங்களில் மரம் திரும்ப வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வகுத்தபோது, அகற்றுவதோடு அந்த இடத்தின் சூழலை மீட்டெடுப்பதையும் சேர்த்தே வைத்தது. கண்மாய்க்குப் பொருந்துவது வேலிக்காலுக்கும் பொருந்தும். வெற்றிடம் எதுவாலாவது நிரம்பத்தான் போகிறது. எதனால் என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் மண்ணில் உள்ள விதை தீர்மானிக்கும்.

எனவே வேலை தொடங்கும் நாளில் அரிவாளை எடுக்க வேண்டாம். ஒரு வாளியில் சுண்ணாம்பும் இன்னொன்றில் காவியும் கரைத்துக்கொண்டு வேலியை இரு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். நிறுத்த வேண்டியதற்குச் சுண்ணாம்பு, எடுக்க வேண்டியதற்குக் காவி. எட்டிப் போக முடியாத இடத்தில் தொரட்டியால் கொடியை இழுத்துவிட்டு உள்ளே பார்க்கலாம். இங்கே பலர் தடுமாறுவது வேல மரங்களைப் பிரித்தறிவதில். வெள்வேலின் பட்டை வெளிறிய மஞ்சள் கலந்த வெண்மை; முள் வெள்ளையாக நேராக நீண்டிருக்கும்; பூ, வெளிர்மஞ்சள் உருண்டைகளாகக் கொத்தில் வரும். கருவேலின் பட்டை கறுத்து வெடித்திருக்கும். பூ நல்ல மஞ்சள் உருண்டை. நெற்று மணிகோத்ததுபோல் விதைக்கு விதை இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ உருண்டையாக இருக்காது. விரல் நீளத்துக்குக் கதிராகத் தொங்கும். நெற்று வைக்கோல் நிறத்தில், சதைப்பற்றோடு, லேசாக வளைந்திருக்கும். சிறு கிளைகள் கணுவுக்குக் கணு ஒடிந்து வளைந்து போகும். பூவும் நெற்றும் இல்லாத காலத்தில் பட்டையையும் கிளையையும் வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால் அந்த மரத்துக்குக் குறியிடாமல் விட்டுவிட்டுப் பூக்கும்போது பார்த்துக்கொள்வது நல்லது. முப்பது ஆண்டு நின்ற வெள்வேலைத் தவறாக வெட்டினால் அதை எளிதில் ஈடுகட்ட முடியாது. கொங்குப் பகுதி மேய்ச்சல் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்த பிறகு செம்மறியைத் தாங்கிப் பிடிப்பது அதன் நெற்றுதான்.

கிளுவையைப் பொறுத்தவரை நேர் எதிரான தவறு நடக்கிறது. கோடை நெருங்கும்போது கிளுவை இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். வெளியூரிலிருந்து வரும் வேலையாட்கள் அதைப் பட்டுப்போன மரம் என்று எண்ணி முதலில் அதையே சாய்ப்பார்கள். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். தெரிந்தால் சுண்ணாம்பு வைத்துவிட வேண்டியதுதான். வேலிக்காலில் இருக்கும் வேம்பு, உசிலை, நொச்சி, ஆடாதொடை, கள்ளி, காரை, சங்கஞ்செடி, சூரை எல்லாம் நிற்கத் தக்கவை. சங்கஞ்செடியும் சூரையும் பார்வைக்குக் களைபோல் இருந்தாலும் அடிச்சந்தை அடைப்பதில் கிளுவைக்குத் துணை. பனைக்குத் தனி எச்சரிக்கை தேவை. எல்லைக் குறியாகவே முன்னோர் வேலியில் பனை விதைத்தார்கள். 2021இல் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. பறவை போட்ட விதையில் சந்தனம் முளைத்து நிற்பதும் உண்டு. அதை வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.

நடந்து பார்க்கும்போதே எல்லைக் கல்லையும் தேட வேண்டும். வேலி வைத்தவர் எல்லையில்தான் வைத்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தவரும் உண்டு, வெளியே வைத்தவரும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தின் நகலைப் பார்த்து, கல் இருக்க வேண்டிய முனைகளைக் குறித்துக்கொண்டு போனால் புதருக்குள் தேடுவது எளிது. கண்ட கல்லுக்கு வெள்ளையடித்து, பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, துணி கட்டிவிட வேண்டும். 1923ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி தன் நிலத்துக் கற்களைக் காப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு. இயந்திரம் அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டால் அளவர் வந்து மறுபடி நடும்வரை வழக்குக்கு வாசல் திறந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரை இந்தக் கட்டத்திலேயே கூப்பிட்டுக் காட்டுவது முறை. இட்டேரியை ஒட்டிய வேலி என்றால் பாதையின் பக்கம் நிற்கும் மரம் புறம்போக்கில் இருக்கலாம். அதன் மேல் நமக்கு உரிமை இல்லை.

இனி ஜேசிபி. இதை ஆதரிப்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அரிவாளும் கடப்பாரையும் எடுத்து முள்ளுக்குள் இறங்க இன்று ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. கைவேலையில் வாரக்கணக்கில் போவதை வண்டி ஒரு நாளில் முடிக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளில் அது எதையெல்லாம் எடுத்துப்போகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வேலிக்காலில் தலைமுறைகளாகச் சேர்ந்த மண்மேடு போகிறது. மழைநீர் ஓட்டத்தைத் தடுத்து நிலத்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தது அதுதான். உயிரோடிருந்த கிளுவை வரிசை போகிறது. எல்லைக் கல் போகிறது. திரும்பக் கம்பிவேலி போட்டே ஆக வேண்டிய நிலை வருகிறது; கல்தூணும் முள்கம்பியும் கூலியும் சேர்த்தால், மிச்சம் பிடித்ததாக நினைத்த கூலியைவிடப் பல மடங்கு. இத்தனைக்கும் பிறகு புரட்டிய மண்ணில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலக் கன்றும் முதலில் வந்து நிற்கின்றன. இயந்திரமே கூடாது என்பது என் வாதமன்று. அதற்குரிய வேலை ஒன்று இருக்கிறது: காவிக் குறியிட்ட பெரிய சீமைக்கருவேலத்தின் தூரைத் தோண்டி எடுப்பது. கைவேலையில் மிகக் கடினமானது அதுவே. சுற்றியுள்ள கிளையைக் கழித்து, தண்டில் நான்கடி மிச்சம் விட்டு அறுத்து வைத்திருந்தால், வண்டி நிலத்தின் பக்கம் நின்றுகொண்டு அந்தக் கட்டையைப் பற்றி ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். மண்ணைச் சமப்படுத்தும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கக் கூடாது. ஓட்டுநருடன் வேலை முடியும்வரை ஒருவர் கூடவே நிற்க வேண்டும். வண்டி ஓட்டத்தில் சுண்ணாம்புக் குறி கண்ணுக்குத் தெரியாமல் போவது வழக்கம்.

காலத்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. மழைக்காலத்தில் செய்தால் வேர் இலகுவாக வரும் என்பது ஒன்று. கடுங்கோடையில் செய்தால் மரம் திரும்பத் துளிர்க்காது என்பது மற்றொன்று. முதலாவது சிறு கன்றுகளுக்கு முற்றிலும் சரி, பெரிய வேலைக்கு ஒவ்வாது. ஈர மண்ணில் வண்டியும் ஆளும் புதைவதோடு, கொடிகள் தழைத்து உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இரண்டாவது வெறும் நம்பிக்கை. சீமைக்கருவேலம் எந்தக் கோடையிலும் துளிர்க்கும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, அறுவடையும் முடிந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை. அடிமண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், மேலே காய்ந்திருக்கும். கோடை நெற்று முற்றுவதற்குள் மரம் கீழே வந்துவிடுவதால் அந்த ஆண்டு விதை மண்ணில் சேராது. மயிலும் கவுதாரியும் வேலியடியில் முட்டையிட்டு அடைகாக்கும் முக்கிய மாதங்களும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. தாமதமாகத் தொடங்க நேர்ந்தால், கூடு கண்ட இடத்தைச் சுற்றிப் பத்தடி விட்டுவிட்டு அடுத்த ஆண்டு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சீமைக்கருவேலத்தை எடுப்பதில் ஒரே ஒரு விதிதான், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டின் அடியிலும், வேர் தொடங்கும் தலைப்பகுதியிலும் இருக்கின்றன. அந்தத் தலை மண்ணுக்குள் ஏறக்குறைய ஓர் அடி ஆழம் வரை போகும். தரைமட்டத்தில் அறுத்தால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஆறேழு கிளம்பி, முன்னைவிட அகலமான புதராகும். கைவிட்ட வேலிகளில் நாம் காணும் பலதண்டுப் புதர்கள் பெரும்பாலும் முன்பு யாரோ விறகுக்கு வெட்டிவிட்டுப் போனவை. தூரைச் சுற்றி மண்ணை வாரி, பக்கவேர்களைக் கோடாலியால் துண்டித்து, ஓர் அடிக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, தலைப்பகுதியை முழுக்க வெளியே எடுத்துவிட்டால் கீழே மிஞ்சும் வேர் துளிர்க்காது. ஆழமாகப் போன வேரையெல்லாம் தோண்டத் தேவையில்லை. கிளுவைத் தூரோடு பின்னிக்கொண்டு நிற்கும் மரத்தில் இப்படித் தோண்டினால் கிளுவையும் பெயர்ந்துவிடும். அங்கே தரையோடு அறுத்துவிட்டு, வரும் துளிரை மாதம் ஒருமுறை முறித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. இலை விட விடாமல் செய்தால் ஓரிரு ஆண்டில் தூர் ஓய்ந்துபோகும். சிலர் வெட்டிய தூரில் டீசலும் கழிவு எண்ணெயும் ஊற்றுகிறார்கள். கிணற்றுக்கும் மண்ணுக்கும் கேடு என்பது ஒருபுறம் இருக்க, ஒட்டி நிற்கும் கிளுவையைத்தான் அது முதலில் பதம் பார்க்கும். களைக்கொல்லி தெளிப்பதும் வேலியில் இதே காரணத்தால் பொருந்தாது; எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலைக்கு, எல்லா இலையையும் ஒன்றாகக் கருக்கும் மருந்து எதிரானது.

உண்ணிச்செடிக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம். மண்ணுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட்டால் போதும். குச்சி மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் மறுபடி வேர்விடும் என்பதற்காகவே கவிழ்ப்பது. காய்கள் கறுத்துப் பழுப்பதற்கு முன் செய்ய வேண்டும்; பழுத்துவிட்டால் பறவைகள் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ப் போடும். இலை கால்நடைக்கு நஞ்சு என்பதால் வெட்டிய செடியை மாடு கட்டும் இடத்தருகே குவிக்கக் கூடாது. கொடிகளை வேரில் அறுத்துவிட்டு அப்படியே விட்டால் காய்ந்து தானாக உதிரும். பச்சையாக இழுத்தால் கிளுவைக் கிளையும் கூடவே ஒடிந்து வரும். பிரண்டையும் முசுமுசுக்கையும் அளவோடு இருந்தால் வீட்டுச் சமையலுக்கு ஆகும், கொஞ்சம் விட்டுவைக்கலாம்.

ஆபத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வேலி வேலையில் நேரும் காயங்களில் பெரும்பகுதி தடுக்கக் கூடியவை. வறண்ட முட்புதர் சுருட்டை விரியனின் சொந்த இடம்; கல்லிடுக்கிலும் புதரின் அடித்தூரிலும் மண்நிறத்தில் சுருண்டு கிடக்கும். கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் எலிவளையை ஒட்டி இருக்கும். கையை நீட்டும் முன் நீண்ட கம்பால் தட்டி ஓசைப்படுத்துவது, வெட்டிய கிளையைக் கையால் அள்ளாமல் கவைக்கோலால் தள்ளுவது, கணுக்கால் மறையும் கெட்டியான பூட்ஸ் போடுவது ஆகிய மூன்றும் எப்போதும் வேண்டும். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறிவிடுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கதண்டுக் கூட்டை முதல்நாள் நடையிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும், டிராக்டர் டயரையும் துளைக்கும். குத்திய இடம் சீழ்ப்பிடித்து நாட்கணக்கில் வலிக்கும், ஆகவே வேலையாட்கள் டி.டி. ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது கடமை. பழைய வேலியில் இன்னொரு மறைபொருளும் உண்டு. முன்பு யாரோ மரத்தில் கட்டிய முள்கம்பியை மரம் உள்ளிழுத்து மூடியிருக்கும். மரமறுக்கும் இயந்திரத்தின் சங்கிலி அதில் பட்டால் அறுந்து தெறிக்கும், அல்லது இயந்திரம் ஆள்மேல் எகிறும். பட்டையில் நீளவாக்கிலோ குறுக்காகவோ தழும்பு தெரியும் உயரத்தில் அறுக்காமல் அதற்கு மேலோ கீழோ அறுக்க வேண்டும். சாய்ந்து நிற்கும் தண்டை ஒரே பக்கமாக மேலிருந்து அறுத்தால் பாதி அறுபடும்போதே நீளவாக்கில் பிளந்து ஆள்மேல் பாயும். சாயும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் அறுப்பதே முறை. மின்கம்பி மேலே போகும் இடத்தில் மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தாமல் ஒரு கிளையையும் தொடக் கூடாது.

இப்போது நின்ற கிளுவைக்கு வருவோம். உயர்ந்துபோன கிளுவையை முழுவதும் ஒரே ஆண்டில் மூன்றடிக்குத் தறித்தால், பல ஆண்டு நிழலில் இளைத்த தூர்களில் சில தாங்காமல் பட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு நீளத்தை இந்த ஆண்டு, அடுத்த பங்கை மறு ஆண்டு என்று போவது பாதுகாப்பு. கூலிப் பிரச்சினைக்கும் விடை இதில் இருக்கிறது: முழு வேலியையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, ஆண்டுக்கு ஒரு பக்கம் என்றால் வீட்டு ஆட்களும் ஓரிரு கூலியாட்களும் போதும். தறித்த கிளைகளை எறியக் கூடாது. சந்து விழுந்த இடத்தில் நடுவதற்கு வேண்டிய போத்து அத்தனையும் அதிலேயே கிடைக்கிறது. இலையற்று இருக்கும்போது வெட்டிய, கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, நான்கைந்தடி நீளக் கிளைகளை நிழலில் ஓரிரு நாள் வைத்து வெட்டுவாய் உலர்ந்ததும், அரையடிக்கு ஒன்றாக ஓர் அடி ஆழத்தில் ஊன்ற வேண்டும். குழியில் தளர்வாக நின்றால் வேர்பிடிக்காது. கடப்பாரையால் துளையிட்டு, போத்தை இறக்கி, மண்ணைக் கெட்டியாக இடிப்பது முக்கியம். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் துளிர் விடும். குறுக்கே மூங்கில் தப்பையோ காய்ந்த குச்சியோ வைத்துப் பனைநாரால் கட்டினால் வரிசை சாயாது. பழைய தூர்களிலிருந்து வரும் நீண்ட கிளையை வெட்டாமல் பக்கச் சந்துக்குள் வளைத்துக் கட்டுவதும் நல்ல உத்தி. முள்கிளுவையின் பக்கக்கிளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பிறகு வெள்ளாடுகூட நுழையாது.

நட்ட போத்தை ஆடு கடிக்காமல் காப்பதற்குத்தான் சீமைக்கருவேல முள்ளின் கடைசிப் பயன். நெற்று இல்லாத கிளைகளைப் போத்து வரிசையின் இருபுறமும் அடர்த்தியாக அடுக்கி, கவையால் அழுத்தினால் இரண்டு ஆண்டு நிற்கும் முள்ளடைப்பு ஆகிவிடும். அது மக்கும்போது கிளுவை தானே வேலியாகியிருக்கும். தண்டையும் தூரையும் விறகுக்காரரிடம் விற்கலாம். இதில் ஒரு பேரத்தைச் சரியாகப் பேச வேண்டும். விறகு வெட்டுபவர்கள் இயல்பாகவே தரைக்கு மேலே அறுத்து எடுத்துக்கொண்டு தூரை விட்டுவிடுவார்கள். தூரோடு எடுத்துக் குழியை மூடித் தருவது என்று முதலிலேயே பேசி, வேண்டுமானால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கரி மூட்டத்தில் தூர்க்கட்டைக்கு மதிப்பு உண்டு என்பதால் பலர் ஒப்புக்கொள்வார்கள். மிச்சத்தை அங்கேயே தீ வைத்துவிடும் வழக்கத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. காய்ந்த வேலியில் பிடித்த தீ பனையோலையில் ஏறினால் பக்கத்துத் தோட்டம்வரை போகும்; சுண்ணாம்பு வைத்துக் காப்பாற்றிய கிளுவையின் பட்டை வெந்துபோகும்.

சீமைக்கருவேலமே வேலியாக இருக்கட்டுமே, முள்ளும் இருக்கிறது விறகும் கிடைக்கிறது என்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இந்த மரத்தின் கரியால் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வருமானத்தை இகழ்ந்து பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் விறகுத் தோப்பு வேறு, வேலி வேறு. வேலி என்பது ஒரு கோட்டில் நிற்க வேண்டும். சீமைக்கருவேலம் வெளிச்சத்தை நோக்கி நிலத்துக்குள் சாயும், அடிக்கிளையைக் காயவிட்டுக் கீழே வழி திறக்கும், நெற்றை ஆட்டின் வழியாகப் பட்டிக்கும் உழவுக்காட்டுக்கும் அனுப்பும். கிளுவையோ நட்ட இடத்தில் நிற்கும். கொரங்காடுகளை இதற்குச் சான்றாகப் பார்க்கலாம். நாற்புறமும் கிளுவை அடைத்த அந்தக் காடுகளில் காங்கயம் மாடுகள் மேய்ப்பவர் இல்லாமலே நாள் முழுக்க மேய்கின்றன. ஒரு காட்டில் புல் ஓயும்போது அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். கால்நடையை ஆளில்லாமல் அடைத்து வைக்கும் வேலியைவிடக் கடினமான சோதனை வேறில்லை.

கம்பிவேலி போட்டுவிட்டால் பராமரிப்பே இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. கம்பி துருப்பிடிக்கும், தளரும், திருடு போகும். கொடி அதன் மீதும் ஏறும். அதன் அடியில் சீமைக்கருவேலம் முளைத்தால் கம்பிக்கும் மரத்துக்கும் இடையில் அரிவாள் வீசவே இடமிருக்காது. அவசரமாக அடைக்க வேண்டிய பக்கத்தில் கல்தூண் நட்டு இரண்டு வரி கம்பி இழுத்து, அதன் உட்பக்கம் ஓரடி தள்ளிக் கிளுவை நடுவது ஒத்துவரும். கம்பியை உயிர்மரத்தில் கட்ட வேண்டாம். காரணம் முன்பே சொன்னேன். உயிர்வேலி நிழலால் ஓரப் பயிர் குன்றுகிறது, வேர் உரத்தை இழுக்கிறது என்ற குறை உண்மைதான். வேலியை நான்கடி உயரத்தில் வைத்தால் நிழல் ஒரு பொருட்டல்ல. வேருக்கு, வேலியிலிருந்து மூன்றடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால்போல் ஒரு பள்ளம் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பித்தால் பக்கவேர் தாண்டாது, மழைநீரும் அதில் தேங்கி இறங்கும். இவ்வளவு செய்தும் ஓரத்தில் இரண்டு சால் விளைச்சல் குறையத்தான் செய்யும். காற்றைத் தடுப்பதும் ஆடு நுழையாததும் அந்த இரண்டு சாலுக்கு ஈடாகும் என்பது என் கணிப்பு. அரை ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஈடாகாமல் போகலாம், அவர் கம்பியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

திருத்திய வேலிக்காலுக்கு முதல் இரண்டு மழைக்காலங்கள் கண்டிப்பான கவனிப்பு தேவை. ஒவ்வொரு நல்ல மழைக்கும் மூன்று நான்கு நாள் கழித்து வேலியோரம் நடந்து, விரல் நீளத்தில் எழும் சீமைக்கருவேலக் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிட வேண்டும். ஈரத்தில் வேரோடு வரும் அதே கன்று, ஓர் ஆண்டு விட்டால் கடப்பாரை கேட்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குவது நல்லது, அது பலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். வெற்று மண் தெரியும் இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினால் முளைகளுக்கு இடமிருக்காது, ஆட்டுக்கும் தீனியாகும். நெற்றுக்காலத்தில் வெளி ஆட்டு மந்தையை வேலி நிழலில் அடைய விடக் கூடாது. வேர்பிடிக்காத போத்துகளை இரண்டாம் ஆண்டு மாசியில் எடுத்துவிட்டு, அந்த ஆண்டு தறிக்கும் பக்கத்திலிருந்து புதுப் போத்து வைக்கலாம். மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒருமுறை, நடவு ஓய்ந்த நாளில், நிலத்தின் பக்கமும் இட்டேரியின் பக்கமும் கொடுவாளால் ஓரம் கழித்து, தலையை நான்கடியில் சமன் செய்தால் போதும். உழவு ஓட்டுபவரிடம் பழைய சால்வரை வந்து திரும்பச் சொல்லிவிடலாம்.